மூன்று புள்ளிக் கல்

எங்கள் நாரைப்பொட்டலில் விமானம் விழ ஆரம்பித்த வருஷம் உளுந்து நல்ல விளைச்சல். செடிக்குச் செடி காய் தொங்கியது, காயப்போடத்தான் இடமில்லை, ஆகவே ஊரே அள்ளிக்கொண்டு போய் ஓடுதளத்தில் பரப்பியது. ஓடுதளம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே போட்டுவிட்டுப் போன ஒரு மைல் நீளச் சிமெண்டுத் தரை அது. எந்த எதிரிக்காகப் போட்டானோ, அந்த எதிரி வரவில்லை, போட்டவனும் போய்விட்டான், தரை மட்டும் எங்களுக்கென்று கிடந்தது. மாசத்துக்கு ஒரு தடவை மில் முதலாளி ஒருவர் தன் சொந்தக் குட்டி விமானத்தில் வந்து இறங்குவார். மற்ற நாளெல்லாம் அதில் இறங்கியது கம்பும் சோளமும் வத்தலும் உளுந்தும்தான்.

காயப்போடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அவரவர் தானியத்தைச் சுற்றி அவரவர் கல்லை வரிசையாக வைத்துவிடுவோம், ஆடும் சைக்கிளும் விலகிப் போகும். கல் மாறிப் போய்ச் சண்டை வரக் கூடாதென்று, வீட்டுப் பாத்திரங்களில் என்ன அடையாளம் வெட்டியிருக்கிறதோ அதையே கல்லிலும் பெயிண்டால் போட்டுவைப்போம். ஒரு வீட்டுக்குச் சூலம், ஒரு வீட்டுக்குப் பிறை, குமரேசன் வீட்டுக்கு மூன்று புள்ளி. விமானம் கிளம்பப் போகிறதென்றால் வாட்ச்மேன் இசக்கிமுத்து சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டே அந்தக் கடைசிவரை போவான். கால்மணி நேரத்தில் தானியத்தைக் கூட்டி அள்ளி, கல்லையும் பொறுக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். இருபது வருஷமாக இது பிசகாமல் நடந்தது.

அன்றைக்குப் பிசகியது. குமரேசன் பெண்டாட்டி சுடலைவடிவு தனியாகத்தான் வந்திருந்தாள். பன்னிரண்டு கல்லில் பதினொன்றைப் பொறுக்கி ஓரத்தில் போட்டுவிட்டு, உளுந்து மூட்டையை யாரையோ பிடித்துத் தலையில் ஏற்றிவிடச் சொல்லி, ஏற்றிவிட்டவளும் போன பிறகு, பன்னிரண்டாவது கல் தளத்தின் நடுவே உருண்டு கிடப்பதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் கூட அவளுக்கு ஒரு வழி இருந்திருக்கும். பார்த்தாள். மூட்டையை இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் இல்லை, கல்லும் தேங்காய் அளவுதான், அவ்வளவு அகலத் தரையில் சக்கரம் சரியாக இதன்மேலா வந்து ஏறப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, தலைச்சுமையோடு ஓரத்துக்கு நடந்தாள். நாமெல்லோரும் தினம் பத்துத் தடவை நினைக்கிற நினைப்புதான்.

சக்கரம் சரியாக அதன்மேல்தான் வந்து ஏறியது. டயர் வெடித்தது, விமானம் ஒரு பக்கமாகத் துள்ளி, நேரத்துக்கு முன்னாலேயே மூக்கைத் தூக்கி, அரைப்பனை உயரத்துக்குப் போய், இடது இறக்கையைத் தரைப்பக்கம் சாய்த்து, இதோ விழுகிறது என்று நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தோம். சத்தம் வரவில்லை. விமானம் சாய்ந்தது சாய்ந்தபடி அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே, சக்கரம் தட்டிவிட்ட கல்லும் அந்தரத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, மூன்று வெள்ளைப் புள்ளியையும் காட்டிக்கொண்டு நின்றது.

முதலாளி அன்று காலையில்தான் இறங்கிக் காரில் போயிருந்தார். விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோக உள்ளே ஓட்டி மட்டும்தான். நவநீதன் என்று பெயர், இருபத்தைந்து வயது, எங்கள் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் எப்போதும் ஏறுவான். கண்ணாடி வழியே அவனைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஒரு கை பிடியில் இருந்தது, வாய் பாதி திறந்திருந்தது, கண் நேரே எதிரில் பார்த்தது.

தீயணைப்பு வண்டி வந்து பதினோரு நாள் நின்றது, பிறகு வேறெங்கோ வைக்கோல் படப்பு எரிகிறதென்று போய்விட்டது. விமான இலாகாவிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் கையில் அச்சடித்த படிவம் வைத்திருந்தார். விழுந்ததா என்று கேட்டார், இல்லை என்றோம். பறக்கிறதா என்றார், அதுவும் இல்லை என்றோம். "இந்த ரெண்டுக்கு நடுவுல இந்தப் படிவத்துல கட்டமே இல்லைய்யா" என்று சலித்துக்கொண்டு, விழுந்ததும் தகவல் சொல்லுங்கள் என்று கார் ஏறினார். போலீஸ்காரர் அந்தரத்தில் நின்ற கல்லைக் காட்டி இது யார் வீட்டு அடையாளம் என்று கேட்டபோது, ஊர் முழுக்க ஒரே வாயாகத் தெரியாது என்றது. எப்போது கேட்டாலும் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிற ஊர் எங்களுடையது. அன்றைக்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒன்றாகிவிட்டோம்.

அது நிற்கவில்லை, விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் நடுநிலைப் பள்ளி அறிவியல் வாத்தியார் அருள்மணி சார். இறக்கை நுனியிலிருந்து தரைவரை நூல் குண்டு விட்டு ஒரு மாசம் தினமும் அளந்து, நாளுக்கு உளுந்தில் பாதியளவு இறங்குகிறது, போகப் போகக் கூடும் என்றார். முன்னால் இருக்கிற விசிறி சுழல்கிறது, மூன்று மாசத்துக்கு ஒரு சுற்று என்றார். கரும்பலகையை ஓடுதளத்துக்கே தூக்கிவந்து கணக்குப் போட்டுக் காட்டினார்.

"அந்தத் தம்பிக்கு மிச்சம் இருக்கறது ஒண்ணரை நொடி. நமக்கு அது பன்னெண்டு பதிமூணு வருசம்."

நாங்கள் கைதட்டினோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கையில் இருந்தால் ஒரு மனுஷனைக் காப்பாற்ற முடியாதா, ஒரு கிணறு வெட்டவே ரெண்டு வருஷம் போதுமே என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யாதது இல்லை. ஏணி வைத்து ஏறிப் பத்துப் பேர் சேர்ந்து கதவை இழுத்தோம், கதவு அசையவில்லை. கண்ணாடியைக் கடப்பாரையால் அடித்தோம், கடப்பாரைதான் வளைந்தது. வடக்கயிறு கட்டிப் பாறையில் பிணைத்துவிட்டோம், கயிறு வெயிலில் இற்றுப்போனது. சங்கிலி போட்டோம், அது ஒரு மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தது. இறக்கைக்குக் கீழே பனந்தூண்களை முட்டுக் கொடுத்தோம், ஒரு மாசத்தில் ஒவ்வொன்றாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனியிலிருந்து அடிவரை பிளந்தன. அருள்மணி சார் பிளந்த தூணைத் தடவியபடி, "மெதுவா வருதுன்னு நினைக்காதீக. அது முழு வேகத்துலதான் வருது. நம்மதான் வெரசா இருக்கோம்" என்றார். அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

கையாலாகாத ஒன்றை மனுஷன் எத்தனை நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான்? பார்வையைக் கீழே இறக்கினோம், அங்கே நிழல் இருந்தது. கரிசல் காட்டில் நிழல் என்பது லேசான சமாசாரம் இல்லை. மத்தியானம் அந்த நிழலில் யார் உட்காருவது என்று இரண்டு தெருவுக்கும் சண்டை வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பஞ்சாயத்தில் தீர்ந்தது. வெளியூர்ச் சனம் வேன் பிடித்து வந்தது, கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டன, இரண்டு வருஷம் கழித்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. இறக்கையில் மைனா கூடு கட்டியது. வழி கேட்கிறவர்களிடம் ஏரோப்பிளானுக்குக் கிழக்கே, ஏரோப்பிளானுக்கு மேற்கே என்று சொல்லப் பழகினோம். அம்மன் கொடைத் திருவிழாவில் முதல் திருநீறு அவனுக்கு என்று ஆயிற்று, பூசாரி ஏணியில் ஏறிக் கண்ணாடியில் பூசிவிட்டு, அவன் பார்வையை மறைக்காமல் நடுவில் துடைத்துவிடுவார். ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு நாரைப்பொட்டலில் யாரும் தானியத்தைச் சுற்றிக் கல் வைப்பதில்லை, முள்ளை வெட்டிப் போடுகிறோம்.

நவநீதனின் அப்பா ஆவுடைநாயகம் மூன்றாம் நாளே வந்துவிட்டார். அரசாங்க பஸ் முப்பத்தொரு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, இந்த ஒரே பிள்ளைதான். முதல் வருஷம் முழுக்க அவர் ஓடினார். கலெக்டர் ஆபீசுக்கும் சென்னைக்கும் போனார், கோயில் கோயிலாகப் போனார், திரும்பிவந்து விமானத்துக்குக் கீழே நின்று, "ஏலே, பிரேக்கப் புடிலே! நோஸக் கீழ எறக்குலே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவன் காதில் அது ஒரு கொசுவின் சத்தமாகக்கூட விழாது என்று எங்களுக்குத் தெரியும், ஆனாலும் கத்தட்டும் என்று விட்டோம்.

இரண்டாம் வருஷம் ஒரு மாலை அவர் அருள்மணி சாரிடம் கேட்டார். "ஏன் சார், அவனுக்கு நாம தெரிவமா?"

"தெரிய மாட்டோம் அண்ணாச்சி. நீங்க இங்க வந்து நின்னு, அழுது, சாப்பிட்டு, தூங்கி எந்திரிக்கறது எல்லாம் சேத்தாக்கூட அவன் ஒரு தடவ கண்ணச் சிமிட்டற நேரத்துல தூசி."

"அப்போ எதுதான் தெரியும்?"

சார் யோசித்தார். "மரம் தெரியும். பாறை தெரியும். ஒரே எடத்துல நகராம இருக்கறது எதுவோ அது தெரியும்."

மறுவாரம் ஆவுடைநாயகம் பழைய இரும்புக் கடையிலிருந்து பஸ் ஓட்டுநர் இருக்கை ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். விமானத்தின் இடது பக்கம், அவன் கண் கொஞ்சம் திரும்பினால் விழுகிற இடத்தில் அதைப் பதித்து, காக்கிச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அசைய மாட்டார். ஈ மொய்த்தால் ஓட்ட மாட்டார், மழைக்கு எழுந்திருக்க மாட்டார். சாப்பாடு விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை. "அஞ்சு வருசம் நான் இப்படியே இருந்தா, அவன் கண்ணுக்கு அரை நொடி தெரிவேன். அது போதும் எனக்கு" என்றார்.

அந்த இரண்டு வேளைச் சாப்பாட்டையும் கொண்டுவந்தது குமரேசன் பெண்டாட்டி வடிவுதான். தூக்குவாளியில் கம்மஞ்சோறோ ரசஞ்சோறோ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளி நின்று, வாளியைக் கழுவி எடுத்துப் போவாள். ஒரு நாள் விட்டதில்லை. மகள் பிரசவத்துக்குப் போனபோதுகூட விடியக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். குமரேசன் ஒருமுறை பொறுக்காமல் கேட்டான், "ஏட்டி, சோறு போட்டாச் சரியாப் போயிருமா?"

"சரியாப் போவாது. அதான் தெனமும் போடுதேன்" என்றாள்.

நவநீதனுக்கு இமை மூட ஆரம்பித்தது நான்காம் வருஷம். மூடி, மூடியபடியே இருந்து, திறக்க ஆரம்பிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் ஆவுடைநாயகம் மூடிய கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் வேறு வேலை பாருங்கள் அண்ணாச்சி, அவன் திறக்கும்போது வரலாமே என்று நாங்கள் சொன்னதற்கு, "தொறக்கும்போது நான் இல்லன்னா?" என்று மட்டும் கேட்டார். இதற்குள் விமானம் பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டது, ஏணியில் பாதி ஏறினாலே கண்ணாடியில் திருநீறு பூசலாம். கல்லும் உயர்ந்தது போதுமென்று கீழே திரும்பியிருந்தது.

எட்டாம் வருஷம் இமை திறந்தது. திறந்த கண் எதிரில் பார்க்கவில்லை, பக்கவாட்டில் தரைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. புரட்டாசியில் முள்வேலியைப் பார்த்தது, ஐப்பசியில் இருக்கையின் காலைப் பார்த்தது, கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் வடிவு வாளியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஆவுடைநாயகம் உதட்டை அசைக்காமல், "பாத்துட்டான்" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காக்கிச் சட்டையின் கழுத்துப்பட்டையை நனைத்தது. துடைத்தால் கை அசையும் என்று துடைக்காமல் இருந்தார். வடிவும் துடைத்துவிடவில்லை. ஊரே கூடி நின்று, எவ்வளவோ நாளைக்குப் பிறகு எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அந்த முகத்தில் பயம் அப்படியே இருந்தது, ஆனால் புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தது, இங்கே எப்படி இவர் என்பது போல.

அதற்கடுத்த மாசியில் ஆவுடைநாயகத்துக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வெயிலும் மழையும் பனியும் ஏழு வருஷம் ஒரு உடம்பின்மேல் இறங்கினால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். ஒரு நாள் இருட்டத் தொடங்கும் நேரம், சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர் முன்னால் வடிவு வந்து தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"அண்ணாச்சி, அந்தக் கல்லு எங்க வீட்டுக் கல்லு. நான்தான் எடுக்காம வந்தேன். கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவர் தூக்குவாளியை எடுத்து, அதன் மூடியைத் திருப்பி, விளிம்புக்குக் கீழே வெட்டியிருந்த மூன்று புள்ளியின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"மொத நாளு நீ சோறு கொண்டாந்தப்பவே பாத்துட்டேன் வடிவு. அன்னைக்கு உன் சோத்த மூஞ்சியில எறியணும்னுதான் நெனச்சேன். ஆனாப் பசி. தின்னுட்டேன். மறுநாளும் பசி."

வடிவு தலையைத் தரையில் வைத்து அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டிருக்கேன். ரோட்டுல தானியம் காயும், சுத்திக் கல்லு கெடக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வசவு வஞ்சிருக்கேன். ஒரு தடவயாவது எறங்கி ஒரு கல்ல ஓரமாப் போட்டிருக்கேனா? நேரமாச்சுன்னு ஒடிச்சுத் திருப்பிட்டுப் போயிருவேன். எனக்குப் பின்னாடி எவன் வந்து ஏறுனானோ." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒண்ணு பாரு. பிள்ளைக்கு முன்னாடி அப்பன் போவணும். அது நடந்துரும். அந்த மட்டுக்கும் சரிதான். ஆனா அவன் இப்பத்தான் என்னப் பாத்திருக்கான். எடம் காலியாயிருச்சுன்னா, அப்பா விட்டுட்டுப் போயிட்டாருன்னுல்லா அவனுக்குத் தோணும்? கடைசி நேரத்துல அது ஒண்ணு எதுக்கு அவனுக்கு?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, பிசைந்த சோற்றைச் சாப்பிட்டார், வாளியைக் கழுவ அவளிடம் நீட்டினார்.

பங்குனி முதல் வாரம், இருக்கையில் உட்கார்ந்தபடியே, முகம் அண்ணாந்தபடியே போய்ச் சேர்ந்தார். போய்விட்டார் என்பதே எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. கொள்ளி யார் வைப்பது என்று பெரிய பேச்சாயிற்று. பிள்ளை உயிரோடு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது இன்னொருத்தன் வைக்கலாமா என்றார்கள் பாதிப் பேர். கடைசியில் கொள்ளிக் கட்டையைப் பற்றவைக்கும் முன், பெட்ரோல் பெட்ரோல் என்று அருள்மணி சார் பதறிக்கொண்டே கூட வர, விமானத்தடிக்குக் கொண்டுபோய் வெடித்த சக்கரத்தில் தொட்டு எடுத்து, அவன் கையால் கொடுத்ததாக வைத்துக்கொண்டு, குமரேசன் கொள்ளி வைத்தான்.

மூன்று நாள் இருக்கை காலியாகக் கிடந்தது. நாலாம் நாள் விடியுமுன் வடிவு புடவைக்கு மேல் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டு, கூந்தலைச் சுருட்டித் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் உட்கார்ந்த மாதிரியே தோளைக் குறுக்கி, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் என்பது அவனுக்கு ஒன்றுமே இல்லை என்று சார் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அன்று இருட்டியதும் குமரேசன் மூன்று புள்ளி வாளியில் சோறு கொண்டுபோனான்.

அந்தக் கல் போன ஆவணியில் தரையைத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு நாளும் இருட்டியபின் இருக்கையை விட்டு எழுந்ததும் வடிவு முதலில் அதனிடம்தான் போகிறாள். குனிந்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்கிறாள். அது வரவில்லை. அது இன்னும் உருண்டு முடியவில்லை, முடிய நாலைந்து வருஷம் ஆகும் என்கிறார் சார்.

தை மாசம் இடது இறக்கையின் நுனி சிமெண்டில் பட்டது. தகரம் ஒரு விரற்கடை மடங்கியிருக்கிறது, மாசத்துக்கு மாசம் மடிப்பு கூடுகிறது. மிச்சம் மூன்று வருஷம். அதைத் தடுக்க எங்களிடம் எதுவும் இல்லை, தேடுவதையும் நிறுத்திவிட்டோம். ஆனால் நவநீதனின் முகத்தில் ஒன்று நடந்தது. உயர்ந்த புருவம் இறங்கியது, பாதி திறந்திருந்த வாயின் ஓரம் மெல்ல விரிந்தது, சித்திரை பிறக்கும்போது பச்சைக் குழந்தைக்கும் அடையாளம் தெரிகிற மாதிரி அது சிரிப்பாகிவிட்டது. அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறான். பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியவர்களுக்குச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

பார்க்க வேண்டிய மனுஷன் இல்லை. சிரிப்பு வந்து சேர்ந்தது வடிவின் முகத்துக்கு நேரே. விமானம் விழ ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. ஒரு சிரிப்புக்குப் பதில் சிரிப்புக் கொடுக்க வேண்டுமென்றால், அவன் கண்ணில் அது விழ வேண்டுமென்றால், ஒரு வருஷமாவது அதை முகத்தில் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று சார் அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கன்னம் நடுங்குகிறது, கண்ணீர் சிரிப்புக்குள் வழிந்து இறங்குகிறது, உதட்டை இறக்குவதில்லை. இந்த வருஷமும் உளுந்து நல்ல விளைச்சல், அறுத்துக் கொண்டுவந்து அவளைச் சுற்றித்தான் பரப்பியிருக்கிறோம். கல் வைக்கவில்லை.